எண்ணிக்கை சரியாக இருந்தது

அக்டோபர் 27, திங்கள்

பழைய சர்வரை நவம்பர் கடைசியோடு மூடப்போகிறார்களாம். எட்வின் சார் காலையில் வந்ததும் சொன்னார். அதற்குள் எல்லாப் பதிவுகளையும் புதிய சர்வருக்கு மாற்றிவிட வேண்டும். "உன்னை விட்டா இஞ்ச வேற யாருக்கும் அந்த வேலை தெரியாதும்மா" என்றார். அலைச்சொல் அலுவலகத்தில் இருப்பதே நாங்கள் நான்கு பேர். ஒக்கிப் புயலுக்கு மறுவருடம் தொடங்கிய அறக்கட்டளை. கடல் நிலவரத்தை நம் கரைப் பேச்சிலேயே பதிவு செய்து மீனவர்களின் போனுக்கு அனுப்புகிறோம். திங்கள்தோறும் வாராந்திர நிலவரம். ஆபத்து என்றால் அந்தக் கணமே. முதல் வருடம் குரல் கொடுக்க ஆள் கிடைக்காததால் என்னையே பேசச் சொன்னார்கள். இன்றுவரை நான்தான் பேசுகிறேன்.

பதிவுகள் முப்பத்தெட்டாயிரம். ஒவ்வொன்றிலும் பேர், ஊர், போன் நம்பர், எந்தக் கரையில் தொழில் என்ற விவரம். முழுவதையும் ஒரே இழுப்பில் எடுத்துப் பார்த்தேன். பாதியில் சர்வர் படுத்துவிட்டது. ஆயிரம் ஆயிரமாகத்தான் எடுக்க வேண்டும்.

வரும் வழியில் கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர் வாங்கினேன். பழையதில் வாடை வந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

மாமிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கஞ்சி மட்டும் குடித்தார்.

சாயங்காலம் மாமியின் போனுக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அஷ்மி அப்பாவோடு ரொம்ப நேரம் பேசினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த போர்வையையே மறுபடி மடித்தேன்.

ஆகஸ்டில் தங்கல் தொழிலுக்கு, வேறு கரையில் மாதக்கணக்கில் தங்கி மீன்பிடிக்க, போனவர். கொங்கண் கரையில் ஏதோ ஒரு ஆற்றுமுகத்தில் இரண்டு வள்ளங்களைப் போட்டுக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் எட்டுப்பேர் கிடக்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, பிரிட்டோவும் போகிறார் என்று. கிளம்புகிற அன்று, "எனக்கு போன் பண்ணண்டாம்" என்று சொன்னேன். சொன்னபடியே பண்ணவில்லை. சொன்ன எதையும் கேட்காத மனிதர் இதை மட்டும் கேட்டிருக்கிறார்.

நவம்பர் 3, திங்கள்

காலை ஒன்பதுக்கே தொடங்கிவிட்டேன். பதிவுகளைக் கடைசியாகத் திருத்திய தேதிப்படி அடுக்கி, பழையதிலிருந்து ஆயிரம் ஆயிரமாக எடுத்தேன். ஒரு தொகுதி எடுக்க ஐந்தாறு நிமிடம். அதைச் சரிபார்த்துப் புதியதில் ஏற்ற இன்னும் கொஞ்சம். மத்தியானத்துக்குள் பதினாலு தொகுதி முடிந்தது.

சாப்பிடப் போகும்போது ரெஜின் கூப்பிட்டான். கரை கரையாகப் போய் மீனவர்களைப் பதிவு செய்கிற பையன். நம்பர் மாற்றியவர்களின் விவரங்களை மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கிறானாம். "அக்கா, இப்போ ஏத்தட்டா, பிறகு ஏத்தட்டா?" என்றான். ஏத்து என்றேன். மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

முடிந்தது. பழையதில் எத்தனையோ புதியதிலும் அத்தனை. ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவில்லை. எட்வின் சார் எல்லாருக்கும் பழப்பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த தோள் இன்றுதான் இறங்கியது.

நவம்பர் 10, திங்கள்

புதிய சர்வரிலிருந்து முதல் வாராந்திர நிலவரம் போனது. போன வேகத்தைப் பார்த்து எட்வின் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி, "இன்னைக்கு உனக்க சத்தம் வரல்லியே" என்றார். திங்கள்தோறும் மகன் வீட்டில் இல்லாத குறைக்கு மருமகள் குரலையாவது போனில் கேட்பார், பக்கத்து அறையில் நான் இருந்தாலும். டவர் கிடைத்திருக்காது மாமி என்றேன். நம் ஊரில் டவர் எப்போது ஒழுங்காக இருந்தது.

நவம்பர் 12, புதன்

அஷ்மிக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம். மூன்றாவது வந்தாள். இரண்டாவது வந்தவள் தள்ளிவிட்டாளாம்.

அதைச் சொல்ல அவருக்குக் கூப்பிட்டாள். பேச்சு நடுவே போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் கேட்டாள். "அம்மா, அப்பா கேக்காரு, எனக்க பேரை வெட்டிட்டியான்னு."

சிரிப்பு வந்தது. ஆகஸ்டில் சண்டை போட்டபோது ரேஷன் கார்டிலிருந்து உங்கள் பேரை வெட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். "ஆமா, வெட்டியாச்சுன்னு சொல்லு" என்றேன். அஷ்மி அப்படியே சொன்னாள். அந்தப்பக்கம் என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்கவில்லை. அவளாக, "அப்பா சரின்னு சொல்லிட்டாரு" என்றாள்.

மூன்று மாதத்தில் முதல் பேச்சு. ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

வாராந்திர நிலவரம் அனுப்பினேன். தொண்டை கட்டியிருந்தது, இரண்டு முறை பதிவு செய்ய வேண்டியிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் புஷ்பலில்லி சித்தியைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் ததேயுஸ் சித்தப்பாவும் பிரிட்டோவின் வள்ளத்தில்தான் போயிருக்கிறார். "இப்பம் கடல் போன் வாறதே இல்ல, நிறுத்திப் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை சித்தி, டவர் என்றேன். நாளை ரெஜினிடம் சொல்லிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

அரபிக்கடலில் இருந்த தாழ்வழுத்தம் இரவோடு இரவாகத் திசை மாறி வடகரைப் பக்கம் திரும்பிவிட்டது. பத்தரை மணிக்கு எச்சரிக்கை வந்தது. பதினொன்றுக்குள் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். "எல்லாரும் கேளுங்க, இன்னைக்கும் நாளைக்கும் ஒருத்தரும் கடலுக்குப் போகண்டாம், கடல்ல நிக்கியவங்க உடனே கரைக்கு வாங்க." கொங்கண் கரையில் தங்கல் கிடப்பவர்களுக்கு முதலில் போகும்படி வைத்தேன்.

அனுப்பி முடித்தபோது கை போனுக்குப் போனது. அவர் நம்பரை எடுத்துவிட்டு மூடினேன். இந்நேரம் என் குரல் அவர் காதில் விழுந்திருக்கும். அதுவே போதும் என்று தோன்றியது. போன வாரம் புதன்கிழமை அவராகக் கேட்டதுபோல, அடுத்த முறையும் அவராகவே கேட்கட்டும்.

இரண்டு மணிக்கு மாமி கூப்பிட்டார். டிவியில் பார்த்தாராம். "பிரிட்டோவுக்குச் சொல்லிட்டியா மக்களே?"

"அலைச்சொல்லில போயிருக்கும் மாமி."

"நான் கூப்பிட்டுப் பாத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்குன்னு சொல்லுது."

"கரைக்கு வந்துட்டு இருப்பாங்க" என்றேன்.

ரெஜின் போகிற கரைகளிலிருந்து படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தான். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துப் போடுகிறார்கள். அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. எட்வின் சார் என் மேசைக்கு வந்து, "இதுக்குத்தாம்மா நாம இருக்கோம்" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் எங்கள் ஊர் மணல்துறைப் பங்குத்தந்தை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "எல்லா ஊருக்கும் போன் போயிருக்கு. நம்ம ஊருல ஒருத்தருக்கும் வரல்ல. நான் டிவி பாத்துட்டு கோயில் மைக்குல சொன்னேன். என்ன விஷயம்?" டவர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. புதிய சர்வரில் பிரிட்டோவின் நம்பரைத் தட்டினேன்.

பதிவு இல்லை.

தவறாகத் தட்டியிருப்பேன் என்று மறுபடி தட்டினேன். பேரைப் போட்டுத் தேடினேன். மாமியின் நம்பரைப் போட்டேன். இல்லை. ததேயுஸ் சித்தப்பா இல்லை. புஷ்பலில்லி சித்தி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் முற்றத்தில் மேசை போட்டு நானே உட்கார்ந்து பதிவு செய்தவர்கள். அந்த நாளில் பதிந்த ஒருவர்கூட இல்லை.

பழைய சர்வரில் எல்லாரும் இருந்தார்கள்.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. எட்வின் சார் என்னவோ கேட்டார். அவர் வாய் அசைந்தது தெரிந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது, எண்ணிக்கை சரியாக இருந்தது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். ரெஜின் பிறகு சொன்னான்.

எப்படி நடந்தது என்று ஒரு மணி நேரத்தில் புரிந்தது. ஒரு நீண்ட வரிசையில் நிற்பவர்களை, நின்ற இடத்திலேயே ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதாக வைத்துக்கொள்ளலாம். பதினாலாயிரம் பேரை எண்ணிவிட்டு நான் சாப்பிடப் போனேன். அந்த நேரத்தில், ஏற்கெனவே எண்ணியவர்களில் நூற்று முப்பத்தேழு பேரின் நம்பரை ரெஜின் திருத்தினான். நான்தான் ஏத்து என்றேன். திருத்தியதும் அவர்களுடைய தேதி புதிதாகி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்கள். பின்னால் நின்ற எல்லாரும் அத்தனை இடம் முன்னால் நகர்ந்தார்கள். இன்னும் எண்ணாத நூற்று முப்பத்தேழு பேர், எண்ணி முடித்த இடத்துக்குள் வந்துவிட்டார்கள். நான் திரும்பி வந்து பதினாலாயிரத்து ஒன்றாம் இடத்திலிருந்து எண்ணினேன். அவர்களை யாரும் எண்ணவில்லை. கடைசிக்குப் போனவர்களை இரண்டு தடவை எண்ணினேன். விட்டதும் நூற்று முப்பத்தேழு, இரட்டித்ததும் நூற்று முப்பத்தேழு. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு விடுபட்ட நூற்று முப்பத்தேழு பேரையும் நானே கூப்பிட்டேன். பதிவு செய்த குரல் இல்லை. ஒவ்வொருவராக. பெரும்பாலானவர்கள் ஊரில் இருந்தார்கள், எடுத்தார்கள். "சொல்லு மக்களே, மைக்குல சொன்னாங்க, போகல்ல" என்றார்கள். எடுக்காத நம்பர் எட்டு. எட்டும் கொங்கண் கரையில் இருப்பவை.

பஸ்ஸில் வரும்போதுதான் போன வாரம் புதன்கிழமை அவர் என்ன கேட்டார் என்பது புரிந்தது. ரேஷன் கார்டு இல்லை. பத்தாம் தேதி திங்கட்கிழமை என் குரல் அவருக்கு வரவில்லை. அதைத்தான் கேட்டிருக்கிறார். வெட்டியாச்சு என்று நான் சொல்லியனுப்பினேன்.

நவம்பர் 22, சனி

தகவல் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இரண்டு வள்ளங்களில் ஒன்று வேறொரு துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறது. நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அது பிரிட்டோவின் வள்ளம் இல்லை.

மாமி சாப்பிடவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். விஷயத்தை அவரிடம் சொன்னேன். வாசித்த பாடத்தை ஒப்பிப்பதுபோல முதலிலிருந்து சொன்னேன். வரிசை, தேதி, தொகுதி எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "அப்போ நான் அன்னைக்குக் கேட்டப்போ நீ போயிருக்கும்னு சொன்னது?" என்றார்.

"போயிருக்கும்னுதான் நினைச்சேன் மாமி."

அஷ்மியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் எட்வின் சார் கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு பேசினார். நல்ல மனிதர். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தங்கல் கெடக்கிய இடத்துல டவர் இல்லன்னு சொல்லுவோம். பொய்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னா நாளைக்கு அலைச்சொல்லு சொல்லியதை எவன் நம்புவான்? அடுத்த புயலுக்கு, இவங்க சொல்லியதெல்லாம் தப்புன்னு கடலுக்குப் போவான். அதை யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு அவர் ரெஜின் பக்கம் திரும்பினார். "அந்த நேரம் பாத்து உன்னை யாரு ஏத்தச் சொன்னது?" ரெஜின் அழுதுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். சொல்லிவிடக்கூடாது என்று இருந்தான் போல.

"அவன் கேட்டுட்டுத்தான் சார் ஏத்தினான். நான்தான் ஏத்துன்னு சொன்னேன். தேதிப்படி எடுத்ததும் நான். எண்ணிக்கையை மட்டும் பாத்துட்டு ஆளைப் பாக்காம விட்டதும் நான்."

"இப்பம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது லிஜி?"

வெளியே வந்து பங்குத்தந்தைக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "ஊர்க்கூட்டத்துல நீயே வந்து சொல்லணும்" என்றார்.

மத்தியானம் கடலோரக் காவல் படையிலிருந்து தகவல். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த மூன்று பேரைச் சரக்குக் கப்பல் ஒன்று எடுத்திருக்கிறது. பேர்களை வாசித்தார்கள். இரண்டாவது பேர் பிரிட்டோ.

மூன்று பேர்களைத்தான் வாசித்தார்கள். வள்ளத்தில் போனது நான்கு பேர்.

நவம்பர் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். என் போனுக்கே. குரல் அவருடையதாக இல்லை. உப்புத்தண்ணீர் அரித்த தொண்டை.

"லிஜி."

"ம்."

"ததேயுஸ் சித்தப்பா போயிட்டாரு. மறுநாள் விடியும்போது கை விட்டுட்டாரு. நான் பிடிச்சேன். பிடிக்க முடியல்ல."

நான் அழுதேனா என்று தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு வள்ளமும் மற்ற ஊர்க்காரர்களை விட்டுத் தனியாக ஆற்றுமுகத்தில் கிடந்திருக்கின்றன. அங்குள்ள ஆள் ஒருவர் வானத்தைக் காட்டி அவருடைய பாஷையில் ஏதோ சொன்னாராம். பிரிட்டோவுக்குச் சந்தேகம். போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

"சித்தப்பாதான் சொன்னாரு. 'லிஜி போன் பண்ணல்லியே. கடல் மோசம்னா அந்தப் பிள்ள சொல்லாம இருக்குமா? ஒண்ணும் இல்ல, வாங்கலே'ன்னு. நீ என்னை வெட்டிட்டது எனக்குத் தெரியும். சித்தப்பாவையும் நீ வெட்டியிருப்பேன்னு நான் நினைக்கல்ல, திங்கக்கிழமை போன் வருதான்னு அவருகிட்ட கேக்கவும் இல்ல. அவருக்கும் போன் வரல்லன்னதும், சரி, கடல் நல்லாத்தான் இருக்குன்னு நானும் ஏறிட்டேன்."

போனைக் கீழே வைத்தேனா, விழுந்ததா தெரியவில்லை. அஷ்மி எடுத்து என் காதில் வைத்தாள்.

"நான் வெட்டல்ல" என்றேன். "நான் ஒருத்தரையும் வெட்டல்ல." அதற்குமேல் வரிசை, தேதி என்று ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

"சரி. வந்து கேக்கேன்" என்றார்.

நவம்பர் 26, புதன்

பழைய சர்வரை மூட இன்னும் நாலு நாள் இருக்கிறது. இந்தத் தடவை பதிவெண் வரிசையில் எடுத்தேன். பதிவெண் யாருக்கும் மாறாது, ஒருவரும் இடம் நகர முடியாது. முடியும்வரை யாரும் எதையும் திருத்தாதபடி பூட்டி வைத்தேன். ஒவ்வொரு தொகுதிக்கும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பேர் பேராக ஒப்பிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். எழுத அரைமணி நேரம்தான் ஆனது.

எட்வின் சார் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "முதல்ல ஊர்க்கூட்டத்துக்குப் போவோம்" என்றார். போவோம் என்றுதான் சொன்னார்.

நவம்பர் 27, வியாழன்

கோயில் மண்டபத்தில் ஊர் முழுக்க இருந்தது. எட்வின் சார் வந்தார், ரெஜின் வந்தான். நான் பேசினேன். நடுவில் ஒருவர் எழுந்து, "கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லிட்டுத் தப்பிக்கியாளா?" என்று கேட்டார். இல்லை, என் தப்பு என்றேன். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சத்தமாக அழுதாள். கையோங்கிக்கொண்டு வந்த ஒரு பையனை நாலைந்து பேர் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். ததேயுஸ் சித்தப்பாவின் அக்கா மகன். பிடித்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

புஷ்பலில்லி சித்தி கூட்டத்துக்கு வரவில்லை. உடல் கிடைக்காததால் வீட்டில் வெறும் படத்தை வைத்து மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். மாமி, "நானும் வாறேன்" என்று என்னோடு வந்தார். வாசலில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

சித்தி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சித்தப்பா என்னை நம்பிப் போனாரு சித்தி" என்று சொன்னபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

"எனக்க நம்பரும் அதுல இல்லியா?"

"இல்ல சித்தி."

"இப்பம் சேத்தியா?"

"சேத்துட்டேன். எல்லாரையும் சேத்தாச்சு."

சித்தி படத்துக்குப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது மூத்தவனுக்க நம்பர். நாற்பதாம் நாள் கழிஞ்சா அவனும் தங்கலுக்குப் போவான். போகாதேன்னா கேக்கமாட்டான். அவன் உண்டான்னு பாத்துச் சொல்லு."

என் போனில் புதிய சர்வரைத் திறந்து தேடினேன். நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மூன்றாவது தடவை வந்தது. திரையை அவரிடம் காட்டினேன். சித்திக்கு எழுத்து வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மகன் பேரை எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தார். பிறகு நம்பரை, ஒவ்வொரு இலக்கமாக.

கண்ணாடியைக் கழற்றினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.